கை கோப்பது யார்? யாருக்காக?

கட்சி வேற்றுமைகளை மறந்துவிட வேண்டும், ஆளுங்கட்சி மெம்பரும் எதிர்க்கட்சி மெம்பரும் கூடிப் பேசிக் காரியம் செய்ய வேண்டும், அப்படிச் செய்கிறவரே உத்தமமான சட்டசபை மெம்பர் என்று பெரிய பத்திரிகைகள் நமக்கு ஓயாமல் உபதேசம் செய்கின்றன. எங்கேனும் ஒரு திறப்பு விழாவில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்துவிட்டால் போதும். ஜனநாயகம் பிழைத்துக்கொண்டது என்று தலையங்கம் தீட்டிவிடுகிறார்கள்!

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளி, ஒரே அறையில் பத்துப் பேர் முறை வைத்துத் தூங்குகிற இடத்தில் தன் முறைக்காகக் காத்து நிற்கிறானே, அவனுக்கு இந்தக் கைகோப்பால் என்ன கிடைத்தது? பூந்தமல்லிக்கு மேற்கே நேற்று வரை நாற்று நட்ட வயல் இன்று மனைக்கல் நட்ட பிளாட்டாகிவிட, வேலையும் போய், ஏரிக்கரைக் குடிசைக்கு நோட்டீசும் வந்து நிற்கிறாளே விவசாயத் தொழிலாளிப் பெண், அவளுக்கு என்ன கிடைத்தது?

கம்யூனிஸ்டுகள் ஐக்கியத்துக்கு விரோதிகள் அல்ல. ஐக்கியம் என்ற சொல்லை இந்த நாட்டுத் தொழிலாளிக்குக் கற்றுக்கொடுத்ததே செங்கொடிதான். நாம் கேட்பது ஒரே கேள்வி: கை கோப்பது யார், யாருக்காக? தலைக்குக் கூரை, நோய்க்கு மருந்து என்ற இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை உரைத்துப் பார்ப்போம்.

ஆவடித் தீர்மானம் எங்கே போயிற்று?

1955 ஜனவரியில் நம் ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடியது. தேபர் தலைமை வகித்தார். நேரு இருந்தார், காமராஜர் இருந்தார். சோஷலிஸ மாதிரி சமுதாயம் அமைப்பதே லட்சியம் என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தால் ஆவடி என்ற பெயர் உலகம் பூராவும் அடிபட்டது.

பிறகு ஆலைகள் வந்தன. 1961ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை பொதுத்துறையில் எழுந்தது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை பிறந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உண்மை விளங்கும். பொதுத்துறைத் தொழிற்சாலையோடு கூடவே குவார்ட்டர்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. ஆள் வேலைக்கு வந்தால் அவனுக்குத் தங்க இடமும் வேண்டும், அவன் பிள்ளைக்குப் படிப்பும் வேண்டும் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். தொழிற்பேட்டையிலோ முதலாளிக்கு மனை தந்தார்கள், மின்சாரம் தந்தார்கள், ரோடு போட்டுத் தந்தார்கள். லேத் ஓட்டுகிறவன், பிரஸ் மிதிக்கிறவன் எங்கே படுப்பான் என்று கேட்க ஆள் இல்லை. கொரட்டூரிலும் மண்ணூர்ப்பேட்டையிலும் லைன் வீடு தேடிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கே போகிறது. மெஷினுக்கு ஷெட் உண்டு, மனிதனுக்கு இல்லை! இதுதான் முதலாளித்துவ அபிவிருத்தி.

சரி, பொதுத்துறையையாவது நிலைக்க விட்டார்களா? 2021 அக்டோபர் 1ந் தேதி ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து, 41 தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகக் கூறு போட்டது மோடி சர்க்கார். எதிர்த்து வேலைநிறுத்தம் வரும் என்று பயந்து, அதே வருஷம் வேலைநிறுத்தத்தைத் தடுக்க ஒரு வருஷ ஆயுளுள்ள சட்டமும் கொண்டுவந்தது. அப்போது கை கோத்தவர்கள் யார் தெரியுமா? இடதுசாரிச் சம்மேளனம், காங்கிரஸைச் சேர்ந்த சம்மேளனம், ஆர்.எஸ்.எஸ். பரிவாரத்தைச் சேர்ந்த சம்மேளனம் ஆகிய மூன்றும் கூட்டாக எதிர்த்தன. செங்கொடிக்காரனும் காவிக்கொடிக்காரனும் ஒரே கேட்டில் நின்றார்கள். கட்சி பேதமற்ற ஒத்துழைப்பைப் போற்றும் பெரிய பத்திரிகைகள் இந்த ஒத்துழைப்பையும் போற்றியிருக்க வேண்டாமா? தலையங்கத்தில் இதற்கு இடம் இல்லை! தொழிலாளிகள் கை கோத்தால் அது தேச நலனுக்கு விரோதமாம்.

கூரையா, கழுத்துக் கயிறா?

வீடு என்பது வெறும் செங்கல்லும் சாந்தும் அல்ல. யாருடைய தயவில் வீடு இருக்கிறதோ, அவன் கையில்தான் குடியிருப்பவனின் குரல்வளையும் இருக்கிறது. மில் தொழிலாளிக்கு வீடு முதலாளி கையில் இருந்தால், வேலை போகிற அன்றே வீடும் போகும். விவசாயத் தொழிலாளிக்கோ இது தலைமுறை தலைமுறையான அனுபவம். மிராசுதார் மண்ணில் குடிசை. கூலி உயர்வு கேட்டால் முதலில் வருகிற பதில், "குடிசையைக் காலி பண்ணு" என்பதுதான்.

தஞ்சை ஜில்லாவில் செங்கொடி எழுந்தது இந்தக் கயிற்றை அறுக்கத்தான். 1952 தேர்தலில் சென்னை ராஜ்யச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகள் 62 பேர் வந்து உட்கார்ந்தார்கள். முதன்மந்திரியான ராஜாஜி, தம்முடைய முதல் எதிரி கம்யூனிஸ்டுகளே என்று சட்டசபையிலேயே பிரகடனம் செய்தவர். அப்பேர்ப்பட்டவருடைய மந்திரிசபைதான் அதே 1952ல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பண்ணையாளை இஷ்டப்படி விரட்டுவதற்கு முதல் தடை அப்போதுதான் விழுந்தது. கம்யூனிஸ்டுகள் மேல் திடீரென்று பிறந்த பிரியமா காரணம்? இல்லை! வயலில் கூடி நின்ற கைகள் கோட்டையில் இருந்த கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தன.

1961ல் குடியிருப்புக்காரர்களை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது. ஆண்டையின் திமிர் கிராமத்தில் இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் என்ன நடந்தது? கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட குற்றத்துக்காக, குடிசைக்குள் ஒளிந்த 44 பேர், பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும், உயிரோடு எரிந்தார்கள். குடியிருந்த குடிசையையே கொள்ளியாக்கிய கொடுமையை நாம் எந்தக் காலத்திலும் மறக்கப்போவதில்லை.

1971ல்தான் விவசாயத் தொழிலாளிக்குத் தன் குடியிருப்பு மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. தி.மு.க. சர்க்கார் கொண்டுவந்த சட்டம் அது. நல்லது என்று நாமும் வரவேற்கிறோம். ஆனால் அதன் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் எத்தனை வருஷத்துச் சிறைவாசம், எத்தனை தடியடி, எத்தனை சாம்பல் இருக்கிறது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கிறோம்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 5ந் தேதி பதவி ஏற்ற ஈ.எம்.எஸ். மந்திரிசபை, ஒரு வாரத்துக்குள் நிலவெளியேற்றத்தை நிறுத்தி அவசரச் சட்டம் போட்டது. 1970 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தில், குடிசைவாசிக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், முனிசிபாலிடியில் 5 சென்ட், பெரிய நகரத்தில் 3 சென்ட் என்று உரிமை எழுதப்பட்டது. கவனியுங்கள் தோழர்களே! நகரத்துக்கும் சேர்த்து எழுதினார்கள். நகரத்தில் இருப்பவனும் மனிதன்தானே?

பட்டா என்னும் பூட்டு

நம் பக்கத்துக் கதை இங்கேதான் தலைகீழாகிறது. 1971ம் வருஷத்துச் சட்டம் வயல் மனைக்கு. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு? சென்னையையும் மற்றப் பெரிய நகரங்களையும் சுற்றி "பெல்ட் ஏரியா" என்று கோடு கிழித்து, அதற்குள் புறம்போக்கில் குடியிருக்கிறவர்களுக்குப் பட்டா கிடையாது என்று 1962 முதல் தடை போட்டு வைத்தார்கள். தகப்பன் காலம் போய், மகன் காலம் போய், பேரன் தலையெடுத்துவிட்டான். வரி ரசீது இருக்கிறது, ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை! காங்கிரஸ் ஆண்டது, தி.மு.க. ஆண்டது, அ.தி.மு.க. ஆண்டது. இந்த ஒரு விஷயத்தில் மூவருக்கும் நல்ல ஒற்றுமை இருந்தது. கட்சி பேதமற்ற அலட்சியம்!

வருஷக் கணக்கில் ஊர்வலம், தாலுகா ஆபீஸ் முற்றுகை, மனு மேல் மனு. கடைசியில் 2025 பிப்ரவரி 10ந் தேதி, இந்தப் பெல்ட் ஏரியாக்களில் சுமார் 86,000 பேருக்குப் பட்டா தருவதென்று தமிழ்நாடு மந்திரிசபை முடிவு செய்தது. 63 வருஷத்துப் பூட்டு திறந்தது. இது ஜனங்களின் வெற்றி. ஆனால் சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. ஆட்சேபணையற்ற புறம்போக்குக்குத்தான் இந்த முடிவு. ஏரி, வாய்க்கால், கால்வாய் ஓரம் என்று எழுதப்பட்ட இடத்துக்காரன் வெளியேதான் நிற்கிறான். ஏரியைத் தூர்த்துப் பெரிய கட்டிடம் எழுப்பியவனுக்கு வக்கீல் உண்டு, ஸ்டே உண்டு. குடிசைக்காரனுக்கு புல்டோசர்!

பட்டா இல்லாதவனுக்கு வீட்டுத் திட்டமும் எட்டாக்கனி. 2024ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கிராமத்துக் குடிசைகளுக்குப் பதிலாக வீடொன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்றார்கள், 2030க்குள் 8 லட்சம் வீடு என்றார்கள். வரவேற்போம். ஆனால் சொந்த மனை உள்ளவன்தானே அதில் வீடு கட்ட முடியும்? மனையே இல்லாதவன் கனவில் மட்டும்தான் இல்லம் காண வேண்டும்.

கூவக்கரையிலிருந்து பிடுங்கியவர்களை எங்கே போட்டார்கள்? கண்ணகி நகர், பெரும்பாக்கம். நம் பக்கத்தில் அத்திப்பட்டு, கூடப்பாக்கம். வீடு ஓரிடம், வேலை வேறிடம். வீட்டு வேலைக்குப் போன பெண்ணுக்கு பஸ் கட்டணத்திலேயே கூலி கரைகிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பாதியில் நிற்கிறது. கட்டிய லட்சணத்தையும் பார்த்தோம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில், குடி வந்த சூட்டோடு சுவர்ச் சாந்து கைபட்டால் உதிர்ந்தது. விவகாரம் சட்டசபை வரை போயிற்று. அதே வருஷம் குடிசை மாற்று வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர்ப் பலகைக்கு அடித்த பெயிண்ட் சுவரைத் தாங்குமா?

வசதியுள்ளவர்களுக்கு வீடு கட்டுகிறவன் கதி என்ன? போரூர் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டி முடியாத 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்தும் கூலிக்கு வந்த கட்டிடத் தொழிலாளிகள். மற்றவர்களுக்கு மாடி கட்டியவர்களுக்கு அந்த மாடியே சமாதியாயிற்று!

மருந்துக்கும் உச்சவரம்பா?

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். 1948ல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. பிரஸ் ஷாப்பில் விரல் போனவனுக்கும், பஞ்சுத் தூசியில் நெஞ்சு போனவனுக்கும், பிரசவத்துக்குப் போகிற பெண் தொழிலாளிக்கும் அது தர்மம் அல்ல, உரிமை. நம் சம்பளத்தில் பிடித்த காசுக்கு நாம் பெறும் உரிமை.

இந்த உரிமையை எப்படி அரிக்கிறார்கள் பாருங்கள். 2017 ஜனவரியில் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய் என்று வைத்தார்கள். அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, வாடகை ஏறியது. எட்டு வருஷம் கழிந்த பிறகும் உச்சவரம்பு அசையவில்லை. சங்கம் போராடிச் சம்பளம் 21,000ஐத் தாண்டினால், பங்குக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. அட்டை போய்விடுகிறது. கூடக் கிடைத்த ஆயிரத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்காரன் ஒரே ஸ்கேனில் வாங்கிக்கொள்கிறான். ஆனால் 2019 ஜூலையில் ஒன்று மட்டும் வேகமாக நடந்தது. நூறு ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு 4 ரூபாய் 75 காசிலிருந்து 3 ரூபாய் 25 காசாகக் குறைந்தது. தொழிலாளி பங்கையும் 1 ரூபாய் 75 காசிலிருந்து 75 காசாகக் குறைத்தோம் என்று இனிப்புத் தடவினார்கள். ஆஸ்பத்திரி நிதிக்கு வரும் பணம் ஆறரையிலிருந்து நாலாக இறங்கியதை யாரிடம் சொல்வது? அயனாவரம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவனுக்குத் தெரியும் அதன் அர்த்தம்.

பத்துப் பேர் இருந்தால்தானே இ.எஸ்.ஐ. என்று பத்தாவது ஆளின் பெயரை ரிஜிஸ்தரில் ஏற்றாத பட்டறைகள் உண்டு. காண்ட்ராக்ட் ஆள், வடநாட்டு ஆள் என்றால் கேட்கவே வேண்டாம். விவசாயத் தொழிலாளிக்கோ இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தே கிடையாது. பூச்சிமருந்து அடித்து மயங்கி விழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே டாக்டர் இருந்தால் அவன் அதிர்ஷ்டம்.

ஆக, கட்சிகள் கை கோத்து நல்லதே நடக்கவில்லையா? நடந்தது உண்டு, மறைக்க மாட்டோம். 2020 செப்டம்பரில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு தரும் மசோதா சட்டசபையில் ஏகமனதாக நிறைவேறியது. ஆட்சி அ.தி.மு.க. கையில், எதிர்க்கட்சியும் ஆதரித்தது. கவர்னர் புரோகித் கையெழுத்துப் போடாமல் வாரக்கணக்கில் வைத்திருந்தார். வெளியே ஜனங்கள் கொதித்தார்கள், கட்சிகள் வீதிக்கு வந்தன. அக்டோபர் 29ந் தேதி சர்க்கார் நேரே உத்தரவு போட்டது. மறுநாள் கவர்னர் பேனாவைத் திறந்தார்! அதற்கு முந்திய வருஷம் விரல்விட்டு எண்ணும் அளவே நுழைந்த சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள், அந்த வருஷம் ஏறக்குறைய 400 பேர் நுழைந்தார்கள். கூலிக்காரன் மகளும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட வழி பிறந்தது. இப்படிப்பட்ட கைகோப்பை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம்.

1923லிருந்து 2023 வரை

இன்னொரு பாடம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதாவைத் தி.மு.க. சர்க்கார் சட்டசபையில் நிறைவேற்றியது. அந்தச் சர்க்காரோடு தோழமை கொண்ட கட்சிகள் அன்று என்ன செய்தன? கூட்டணி தர்மம் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தனவா? இல்லை! இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும், காங்கிரஸும், விடுதலைச் சிறுத்தைகளும், ம.தி.மு.க.வும் எதிர்த்து வெளியேறின. சங்கங்கள் அத்தனையும் எழுந்தன. ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கமும் இதை ஏற்கவில்லை. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1ந் தேதி, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், வாபஸ் என்று முதன்மந்திரி ஸ்டாலினே அறிவித்தார்.

1923 மே 1ந் தேதி இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக 100 வருஷம் கழித்து அதே மே 1ந் தேதி, எட்டு மணி நேர உரிமையைத் தொழிலாளி வர்க்கம் மீண்டும் காப்பாற்றிக்கொண்டது. தோழமை என்றால் தலையாட்டுவது அல்ல. நண்பன் குழியில் இறங்கினால் கையைப் பிடித்து இழுப்பதும் தோழமைதான்.

எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் பரஸ்பரம் மதிப்பு வைப்பதும் நமக்குப் புதிதல்ல. வண்ணாரப்பேட்டையின் சட்டசபை மெம்பராக இருந்த தோழர் ஜீவா, தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார். அதைக் கண்டு மனம் வருந்திய காமராஜர் வீடு தர முன்வந்ததும், மற்ற ஏழைகளுக்கு இல்லாத வீடு தனக்கு மட்டும் வேண்டாம் என்று ஜீவா மறுத்ததும் தமிழ்நாடு பேசும் கதை. நட்பு இருந்தது, மரியாதை இருந்தது. ஆனால் வர்க்கத்தை விட்டுத் தனக்கென்று ஒரு கூரையை ஜீவா வாங்கவில்லை. சட்டசபை மெம்பருக்கு இலக்கணம் அதுதான்!

நம் மெம்பரிடம் கேட்போம்

ஆகவே தோழர்களே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மெம்பர்கள் எந்தக் கட்சியானாலும் சரி, பஸ் நிழற்குடையில் தங்கள் பெயரை எழுதிவைத்துவிட்டு ஓட்டுக் கேட்க வரும்போது, சிபாரிசுக் கடிதம் கேட்காதீர்கள். சிபாரிசு ஒருவனுக்குக் கிடைக்கும், ஒன்பது பேரைக் கைவிடும். சட்டத்தைக் கேளுங்கள், சட்டம் வந்தால் பத்துப் பேருக்கும் உண்டு.

ஒன்று: பெல்ட் ஏரியாப் பட்டாவில் நம் தாலுகாக்களில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை என்ற பட்டியலைத் தெருத் தெருவாக ஒட்டு. விடுபட்டவர்களுக்கு, குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே மனை கொடு. மாற்று வீடு கையில் தராமல் ஒரு குடிசையைக் கூடத் தொடாதே.

இரண்டு: தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் நிலம் ஒதுக்கு. உள்ளூர் ஆள், வடநாட்டு ஆள் என்ற பேதம் இல்லாமல் நியாய வாடகையில் வீடு கொடு.

மூன்று: இ.எஸ்.ஐ. உச்சவரம்பை விலைவாசியோடு இணைக்கும்படி டில்லி சர்க்காரை வற்புறுத்திச் சட்டசபையில் ஏகமனதாகத் தீர்மானம் போடு. கை கோக்க ஆசையிருந்தால் இதில் கை கோத்துக் காட்டு!

நான்கு: விவசாயத் தொழிலாளிக்கும் கட்டிடத் தொழிலாளிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ.க்கு நிகரான வைத்தியப் பாதுகாப்புக் கொடு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் காலியான இடங்களை நிரப்பு.

இந்த நாலுக்கும் கை தூக்குகிறவர் யாராக இருந்தாலும் அவரோடு நாம் கை கோப்போம். கொடியின் நிறம் கேட்க மாட்டோம். தூக்காதவர் எத்தனை மேடையில் எத்தனை கட்சிக்காரர்களோடு கட்டித் தழுவினாலும் அதற்கு மயங்க மாட்டோம்.

மேலே இருப்பவர்களின் கைகோப்பு எந்த நிமிஷமும் அவிழும். லேத் பிடித்த கையும் அரிவாள் பிடித்த கையும் கோத்தால் அதை அவிழ்க்க எந்தச் சர்க்காராலும் ஆகாது. மில் கேட்டிலும் வயல் வரப்பிலும் இந்த நாலு கோரிக்கைகளைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துச் சொல்லுங்கள். கையெழுத்தும் கைநாட்டும் திரட்டுங்கள். திரண்டு போய் மெம்பர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்!